பாதி ஏரியில் இருமும் மோட்டார்

அறுபத்தாறு வயதில் இன்ஜின்காரர் ஒரு சபதம் எடுத்தார். மழைக்காலம் தொடங்குவதற்குள் மனைவியைப் படகில் உட்காரவைத்து, ஏரி நடுவில் இருக்கும் தீவை முழு வேகத்தில் போய்த் தொட்டுவிட வேண்டும். கல்யாணமான புதிதில் ஒருநாள் அப்படிப் போனார்கள். காற்றில் அவள் கூந்தல் அவிழ, வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை கேட்டுவிட்டால் போதும் என்றிருந்தது அவருக்கு.

சபதத்துக்கு மோட்டார் சம்மதிக்கவில்லை. படகின் பின்னால் தொங்கும் அந்தக் கிழம் கரையோரம் சமர்த்தாக ஓடும். பத்து நிமிஷம் கழித்து, வேகம் கேட்டுக் கைப்பிடியை முறுக்கினால் இருமும், விக்கும், படுத்துவிடும்.

பிளக் மாற்றினார். பெட்ரோல் வடிகட்டியை மாற்றினார். கார்புரேட்டரைக் கழற்றி, மனைவியின் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, பிரஷ்ஷை இருந்த இடத்திலேயே வைத்தார். முப்பது வருஷம் பயணிகள் படகின் அடித்தட்டில் இன்ஜினோடு குடித்தனம் நடத்தியவர். வீட்டில் பேசியதைவிட அதனோடு பேசியது அதிகம். அவருக்கு இது மானப் பிரச்சினை. ஒவ்வொரு தடவையும், எதிரே மனைவி உட்கார்ந்திருக்க, துடுப்புப் போட்டுத்தான் திரும்பினார். மோட்டாரைத் திட்டுவதில் தொடங்கும் பேச்சு, பழைய கேப்டன், செத்துப்போன அம்மா என்று எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கரை சேரும்.

படகுத்துறை மெக்கானிக் தனியாக ஓட்டிப் பார்த்தான். படகு பறந்தது.

"மோட்டார்ல ஒண்ணும் இல்லண்ணே. அண்ணி ஏறினாத்தான் அதுக்கு மூச்சு முட்டுது."

"இதை அவகிட்ட நீயே சொல்லிடு."

"எனக்கும் உயிர் மேல ஆசை இருக்குண்ணே."

மறுநாள் காலை மனைவிக்குச் சொல்லாமல் தனியாகக் கிளம்பினார். மனைவி உட்காரும் பலகைக்கு அடியில் பெட்ரோல் டாங்க், அதிலிருந்து மோட்டாருக்கு ஒரு ரப்பர் குழாய். டாங்க் மூடியில் ஒரு குட்டித் திருகு உண்டு, உள்ளே காற்றுப் போவதற்கு; போகாவிட்டால் பெட்ரோல் வராது. ஏறினதும் திற, இறங்கும்போது மூடு என்று அந்த நாளில் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். அன்றுமுதல் அது அவள் இலாகா. இந்தத் தடவை அவரே திறந்தார்.

பறந்தார். தீவைத் தொட்டார். "பார்த்தியா?" என்று எதிர்ப் பலகையைப் பார்த்தார். பலகை காலியாக இருந்தது. அதற்குமேல் அங்கே என்ன செய்வது என்று தெரியவில்லை. வழக்கப்படி திருகை மூடி இறங்கினார், நின்றார், ஏறினார். திரும்பும்போது திறக்க மறந்துபோனார்.

பத்தாவது நிமிஷம் அதே இருமல், அதே விக்கல், அதே சாவு. அவர் டாங்க் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"பாதி ஏரியில திருகை மூடினது நீதானே?"

"ஆமா." கை நிற்கவில்லை.

"நாலு பிளக் மாத்தினேன்."

"பார்த்தேன். என் பிரஷ்ஷையும் பார்த்தேன்."

"அன்னிக்கு மாதிரி உன்னைக் கூட்டிட்டுப் போகணும்னுதானே இவ்வளவும்."

"அன்னிக்குப் போனது எனக்கு அவ்வளவா ஞாபகம் இல்ல. திரும்பினதுதான் ஞாபகம். மோட்டார் நின்னுபோச்சு. கரை வர்ற வரைக்கும் நீங்க பேசிக்கிட்டே துடுப்புப் போட்டீங்க." கடைசிச் சட்டையை மடித்து வைத்தாள். "மோட்டார் ஓடினா நீங்க அதைத்தான் கேக்கறீங்க."

மடித்த துணிகளை அவரே எடுத்து அலமாரியில் அடுக்கினார். ஆனாலும் இன்ஜின்காரர் அல்லவா? திருகைத் திறந்தபடியே வைத்துக் கம்பியால் இறுக்கிக் கட்டினார்.

மாலையில் இருவரும் கிளம்பினார்கள். கைகளை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார். சொன்னபடி வைத்துக்கொண்டாள். பாதி ஏரியில் கைப்பிடியை முறுக்கினார். இருமியது. விக்கியது. படுத்தது.

கட்டிய கம்பி அப்படியே இருந்தது. திருகும் திறந்தே இருந்தது. அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

துடுப்பை எடுத்தார். பிறகு, காலையில் தனியாகத் தீவுக்குப் போனதைச் சொன்னார். யாரும் இல்லாத பலகையிடம் பேசியதையும் சொன்னார். அவள் சிரித்தாள். அந்தப் பழைய சிரிப்புதான். நடுவில் கொஞ்சம் மூச்சு வாங்கியது.

கரைக்குப் பத்தடி இருக்கும்போதுதான் பெட்ரோல் குழாயின் மேலிருந்து வலது காலை எடுத்தாள்.