பதினெட்டாயிரம் கிலோ இறால்

ஓடிக்கொண்டிருக்கிற மென்பொருளில் கைவைக்காதே என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த நீதி. தெரிந்தும் வைப்போம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டிக்குப் பிறகு அந்தக் கலையை விடாமல் வளர்த்து வருகிறவர்கள் நாங்கள்தான்.

வாகரையில் என் அக்காவின் கணவர் இறால் வாங்கிக் கொழும்புக்கு அனுப்புகிறார். கடற்கரையில் மீனவர்களிடம் வாங்கிச் சேர்த்துவைக்கும் அவருடைய வாடியில் ஒரு மின்தராசு உண்டு. பெட்டியை வைத்தால் நான் எழுதிய நிரல் எடையை வாங்கி வைத்துக்கொள்ளும். அங்குள்ள பழைய கணினி அதைக் கேட்டு வாங்கி, லொறிக்காரருக்கு எடைத் துண்டு அச்சடித்துக் கொடுக்கும். ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் கேட்டு வாங்குகிற அந்த வாசலுக்கு இடைமுகம் என்று பெயர். உள்ளே என்ன கூத்தும் ஆடலாம். வாசலில் கொடுக்கிற பதில் மட்டும் மாறக்கூடாது. (இப்போது எவ்வளவு அழகாகச் சொல்கிறேன் பாருங்கள்!)

என் வாசல் கிலோவில் பதில் சொல்லி வந்தது. ஒரு குறையும் இல்லை. பிறகு இறாலை வாங்கும் கொழும்பு முதலாளி பார்ப்பதற்கென்று புதிதாக ஒரு கைபேசிச் செயலி செய்தேன். அதில் தசமப் புள்ளி என் கண்ணை உறுத்தியது. எல்லாவற்றையும் கிராமுக்கு மாற்றினால் முழு எண்களாக, சர்வதேசத் தரத்தில் இருக்குமே! மட்டக்களப்பில் என் அறையில் இருந்தபடியே காலையில் மாற்றிவிட்டுப் புட்டுச் சாப்பிடப் போனேன். வாடிக் கணினி எந்த எண் வந்தாலும் கிலோ என்றே நம்பும் என்பது எனக்கு ஞாபகமே வரவில்லை.

அத்தான் அழைத்தார்.

“மச்சான், தராசுக்கு என்னவும் செஞ்சயா?”

“இல்லையே அத்தான்.” (தராசுக்கு நான் ஒன்றும் செய்யவில்லைதானே.)

“ஒரு பெட்டி பதினெட்டாயிரம் கிலோ எண்டு துண்டு வருது. லொறிக்காரன் ஏத்தமாட்டனாம்.”

பின்னால் லொறிக்காரரின் குரல் கேட்டது. “இந்தத் துண்டோட றோட்டில போனா பொலிஸ்காரன் முதல்ல என்னத்தான் நிறுப்பான்!”

ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. விடிய வலையெடுத்தவர்களின் அன்றைய பிழைப்பெல்லாம் அந்தப் பெட்டிகளில் இருந்தது. பதறிப்போய் மறுபடி கிலோவுக்கு மாற்றினேன். துண்டு சரியாக வந்தது. லொறியில் பாதிப் பெட்டிகளை ஏற்றியும் விட்டார்கள். அப்போதுதான் கொழும்பு முதலாளி அழைத்தார். அவருடைய செயலிக்கு நான் கிராம் மட்டுமே பழக்கியிருந்தேன்.

“தம்பி, பெட்டிக்குப் பதினெட்டுக் கிராம் இறால் காட்டுதே? இதுக்கு ஏன் லொறி? தபால்ல போடலாமே!”

கணக்குச் சரியாகும்வரை லொறியை அசைக்காதே என்று சாரதிக்கும் சொல்லிவிட்டார். கிராமுக்கு மாற்றினால் லொறிக்காரர் கத்தினார். கிலோவுக்கு மாற்றினால் முதலாளி கத்தினார். நான் இரண்டு பக்கமும் அடிவாங்கும் மத்தளமாக இருந்தேன். பழைய வாசலைப் பழையபடி விட்டுவிட்டு, கிராமுக்கென்று பக்கத்தில் புதிதாக ஒரு வாசல் வைக்கலாம் என்கிற அறிவு பகல் சாப்பாட்டு நேரமும் கடந்த பிறகுதான் வந்தது.

அதற்குள் பெட்டிகளில் ஐஸ் தண்ணீராகியிருந்தது. இந்த இறால் வேண்டாம் என்றார் முதலாளி. பிடித்தவர்களுக்கு அத்தான் தன் கையிலிருந்து கொடுத்தார். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். விற்க முடியாத இறால் சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் போனது. எந்த வீட்டுக்குப் போனாலும் இறால் குழம்பு, இறால் பொரியல், இறால் சொதி. வெட்கத்தோடு தின்றேன்.

முதலாளி அந்தச் செயலியை எப்போதோ அழித்துவிட்டார். புதிய வாசலால் இப்போது ஒருவரும் வருவதில்லை. ஆனால் இரண்டையும் நான்தான் பராமரிக்கிறேன். மூட நினைக்கும்போதெல்லாம், யாராவது எங்கிருந்தாவது கேட்டுக்கொண்டிருப்பார்களோ என்று பயம் வந்துவிடுகிறது. தராசு மாறியது, கணினி மாறியது, என் தலையும் நரைத்துவிட்டது. சத்தியமாகக் களைத்துவிட்டேன்.

போன மாதம் அக்காவின் மகளுக்குப் பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போயிருந்தோம். பிள்ளையின் எடை மூவாயிரத்து நூறு என்று தாதி சொன்னதும் அத்தான் என் பக்கம் திரும்பினார்.

“மச்சான், இது உன்ட கணக்கா, எங்கட கணக்கா?”

வாட்டில் இருந்த சொந்தமெல்லாம் சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே பிள்ளையை வாங்கக் கையை நீட்டினேன். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கொடுத்தாள்.

“தூக்கு தம்பி. ஒண்டையும் மாத்திப்போடாத.”