இல்லாத நாட்டின் கடைமடை

இல்லாத நாட்டுக்கு வரைபடம் போடுகிறவர் என்றொரு இனம் நம்மிடையே உலவுகிறது. பார்த்த மாத்திரத்தில் அடையாளம் தெரியாது. நம்மைப் போலவே ரேஷன் கடை வரிசையில் நிற்பார், மின்கட்டணம் ஏறிவிட்டது என்று அலுத்துக்கொள்வார், தென்காசிக் கோபுர வாசலில் அடிக்கிற காற்றில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நடப்பார். கேட்டால், நாவல் எழுதிக்கொண்டிருப்பதாகச் சொல்வார். நம்பிவிடாதீர்கள். நாவல் எழுதுகிறவர் நாவலை எழுதுவார். இவர் அந்த நாவல் நடக்கப்போகும் நாட்டைப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

எங்கள் தென்காசியில் இந்த இனத்துக்குத் தலைமை மாதிரி என்று குற்றாலீஸ்வரனைச் சொல்லலாம். வங்கியில் விருப்ப ஓய்வு வாங்கியவர். அவருடைய நாட்டுக்கு மருதவாரி என்று பெயர். மருதவாரியில் இன்னும் ஒரு மனிதப்பிறவி பிறக்கவில்லை. கதாநாயகனுக்குப் பெயர்கூட வைக்கவில்லை. ஆனால் எந்த ஊரில் செம்மண், எந்த ஊரில் கரிசல், எந்த மலைக்கு எந்தப் பக்கம் மழை ஏமாற்றும், எந்தத் துறைமுகத்தில் எந்த மாதம் கப்பல் ஒதுங்கும் என்பதெல்லாம் முடிவாகி, மாற்றப்பட்டு, மறுபடி முடிவாகி, இப்போது மறுபரிசீலனையில் இருக்கிறது. கதை எப்போது வரும் என்று யாராவது விசாரித்தால் அவர் முகம் சுண்டிப்போகும். காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது என்றே தீரவில்லை, அதற்குள் என்ன கதை?

இந்த இனத்தாருக்கு ஒரே ஒரு மந்திரம் உண்டு. "நம்புத மாதிரி இருக்கணும்லா." கடற்கரை நம்புகிற மாதிரி வளைய வேண்டும் என்பதற்காக, தட்டில் விழும் தோசையின் ஓரத்தைப் பென்சிலால் நகலெடுத்துவிட்டுத்தான் குற்றாலீஸ்வரன் சாப்பிடுவார். தோசை வட்டமாக வந்துவிட்டால் அவர் மனைவி செண்பகவல்லிக்குத் திட்டு விழும். குற்றாலத்துக்கு உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு போவார். ஊரே முண்டியடித்துத் தலையை நீட்டும்போது, தண்ணீர் பாறையை எப்படி அரிக்கிறது என்று ஓரமாக நின்று பார்த்துவிட்டு, அதே எண்ணெயோடு பஸ் ஏறி வீடு திரும்புவார். பக்கத்து சீட்டுக்காரர் நிலையை யார் எழுதுவது?

சரி, தென்காசிக்காரர் ஒரு நாட்டைக் கற்பனை செய்தால் அதில் என்ன இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? பறக்கும் குதிரையா? அருவி. சும்மா அருவி அல்ல, வருஷம் முழுக்கக் கொட்டும் அருவி. ஆனி பிறந்ததும் மேற்கே அண்ணாந்து பார்த்துச் சாரலுக்குக் காத்துக் கிடந்தவர், பங்குனி வெயிலில் வெறும் பாறையோடு செல்ஃபி எடுத்துத் திரும்பும் வெளியூர்க்காரர்களிடம் அசடு வழிந்தவர், வேறு என்னத்தைக் கனவு காண்பார்? ஆனால் வருஷம் முழுக்கக் கொட்ட வருஷம் முழுக்கத் தண்ணீர் வேண்டுமே. மலைமேல் ஒரு பெரிய அணையைக் கட்டினார். ஆறு மொத்தத்தையும் அருவிக்குத் திருப்பினார். அருவியில் விழுந்த தண்ணீர் தலைநகரைச் சுற்றிக்கொண்டு நேரே கடலுக்குப் போனது. கிழக்கே கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. அங்கே கீழ்மணல் என்று ஒரு ஊரை எழுதி, நாலைந்து புள்ளி வைத்து, 'வறண்ட பகுதி' என்று போட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போனார்.

இதெல்லாம் யாரையும் கெடுக்காமல் போயிருக்கும். ஆனால் அவருக்கு மீனா என்று ஒரு மகள். கோயம்புத்தூரில் வேலை. அதே அலுவலகத்தில் வேலை பார்க்கும் இலத்தூர் மணிகண்டபிரபுவைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்று, இரண்டு வீட்டு அம்மாக்களையும் கரைத்துவிட்டாள். கடைசியில் பையனின் அப்பா கோமதிசங்கரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து பேசச் சம்மதித்திருந்தார். அந்த ஒரு நாள் மட்டும் கூடத்து மேசையில் விரித்திருந்த படத்தைச் சுருட்டி வைக்கும்படி மீனா அப்பாவிடம் கெஞ்சினாள். மை காயவில்லை என்று பதில் வந்தது. செண்பகவல்லி ஒரு பூப்போட்ட விரிப்பை எடுத்து மருதவாரியை மூடி, அதன்மேல் கேசரியையும் நேந்திரங்காய் சிப்ஸையும் வைத்தாள்.

மூடினால் போதுமா? ஓய்வுக்குப் பிறகு என்ன செய்கிறீர்கள் என்று கோமதிசங்கர் ஒரு மரியாதைக்குத்தான் கேட்டார். குற்றாலீஸ்வரன் கேசரியை நகர்த்திவிட்டு விரிப்பைத் தூக்கினார்.

கோமதிசங்கரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இலத்தூரில் அவர் வயல் கடைமடையில் இருக்கிறது. மடையிலிருந்து வருகிற தண்ணீர் எல்லார் வயலையும் பார்த்துவிட்டுக் கடைசியாகத்தான் அவரிடம் வரும். பல வருஷம் வராது. மேல்மடைக்காரர்களோடு சண்டை பிடித்தே தலை நரைத்தவர். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆற்றின் மேல் விரலை ஓட்டினார். விரல் கீழ்மணலில் வந்து நின்றது.

"இந்த ஊருக்கு ஏன் தண்ணி இல்ல?"

"அது வறண்ட பகுதி அண்ணாச்சி."

"மேல இவ்ளோ தண்ணி ஓடுது. அது எங்க போகுது?"

"அருவிக்கு."

"அருவின்னா? குளிக்கதுக்கா?" கோமதிசங்கர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க குளிக்கதுக்கு எங்க ஊரு காயணுமா?"

எங்க ஊரு. கவனித்தீர்களா? கேசரி ஆறுவதற்குள் மனிதர் கீழ்மணலுக்குக் குடிபோய்விட்டார். அப்படி ஒரு ஊரே கிடையாது என்று எடுத்துச் சொல்ல வேண்டியவரோ அதற்குள் ராஜாவாகிவிட்டார். அருவி நாட்டின் அடையாளம், அதில் யாரும் கை வைக்க முடியாது என்று அறிவித்தார். அது வெறும் படம்தானே என்று மணிகண்டபிரபு மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். "நீ சும்மா இருலே" என்றார் அவன் அப்பா. குற்றாலீஸ்வரனோ, வெறும் படம் என்று சொன்னவனுக்கா பெண் கொடுக்கப்போகிறோம் என்ற பார்வை ஒன்று பார்த்தார்.

கோமதிசங்கர் எழுந்துவிட்டார். "மேமடைக்காரன் வீட்டுல பொண்ணெடுத்தேன்னு நான் எந்த மூஞ்சிய வச்சு ஊருல சொல்ல?" என்றபடி வாசலுக்குப் போய் ஒரு காலில் செருப்பையும் மாட்டிவிட்டார். செண்பகவல்லி தலையில் கை வைத்தாள்.

மீனா அழவில்லை, படத்தைக் கிழிக்கவும் இல்லை. அந்த வீட்டில் வளர்ந்த பெண் அல்லவா? நீல நிறப் பேனாவை எடுத்து அப்பா கையில் கொடுத்தாள்.

"எப்பா, அணையிலேருந்து கீழ்மணலுக்கு ஒரு கால்வாய் போடுங்க. மாசி, பங்குனியில அருவி வத்தட்டும்."

"ஏட்டி, அப்புறம் அதுக்கும் குத்தாலத்துக்கும் என்ன வித்தியாசம்?"

"வருஷம் முழுக்கக் கொட்டுத அருவிய எவன் நம்புவான்? வத்துனாத்தாம்பா நம்புத மாதிரி இருக்கும்."

குற்றாலீஸ்வரன் அருவியைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். அருவிக்குப் பக்கத்தில் எழுதியிருந்த 'வருஷம் முழுக்க' என்பதை அடித்துவிட்டு, அணையிலிருந்து கிழக்கே ஒரு நீலக்கோட்டை இழுக்கத் தொடங்கினார். கோமதிசங்கர் ஒற்றைச் செருப்போடு உள்ளே வந்து குனிந்து பார்த்தார்.

"கொஞ்சம் வடக்க தள்ளிக் கொண்டு போங்க. நேரா போனா ஒரு மேடு கெடக்கு."

அந்த இடத்தில் படத்தில் மேடு எதுவும் கிடையாது. குற்றாலீஸ்வரன் மறுக்கவில்லை, அவருக்கும் இப்போது அது தெரிந்தது. வடக்கே ஒதுக்கிக் கோட்டை வளைத்துக் கீழ்மணலில் கொண்டு சேர்த்தார். கோமதிசங்கர் நிமிர்ந்து, ஆவணியில் நல்ல முகூர்த்தம் இருக்கிறதா என்று செண்பகவல்லியிடம் கேட்டார்.

கல்யாணம் நிச்சயமான கதை இதுதான். இனி உங்கள் விஷயத்துக்கு வருவோம். இதைப் படித்து முடித்ததும், மீனாவின் முகம் எப்படி இருந்தது, கட்டிக்கொள்ளப் போகிறவன் அவளைப் பார்த்துச் சிரித்தானா என்று யோசித்தீர்களானால் பயமில்லை. ஆனால் மேட்டைச் சுற்றி வளைத்துப் போனால் அவ்வளவு தூரத்துக்குத் தண்ணீர் வேகம் இருக்குமா, பேசாமல் மேட்டையே வெட்டியிருக்கலாமே என்று ஒரு நொடி மனசு ஓடியதா? ஓடியிருந்தால், உங்கள் வீட்டில் ஏதாவது கல்யாணப் பேச்சு நடக்கிறதா என்று மெல்ல விசாரியுங்கள். உங்களுக்குத் தெரியாமலே முடித்துவிடலாம் என்று அவர்கள் தீர்மானித்திருக்கக்கூடும்.