கை காட்டினால் நிற்காத ரயில்

ராயபுரத்துக்கென்று கடவுள் ஒதுக்கிய கோபம் மொத்தத்தையும் ஒரே ஆள் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவரை எல்லோரும் ஆரியா என்போம். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் வேறு ஏதோ உண்டு. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட பாதிரியாரையே முறைத்தவர் அவர்.

துறைமுகத்தில் அவருக்குக் கை காட்டுகிற வேலை. கப்பலின் மேல்தளத்தில் நின்றுகொண்டு, சரக்குத் தூக்குகிற விஞ்ச் இயந்திரத்தை ஓட்டுகிறவருக்குச் சைகை செய்ய வேண்டும். உள்ளங்கையைக் கவிழ்த்து ஆட்டினால் 'ஆரியா', அதாவது சரக்கை இறக்கு. முஷ்டியை மூடி உயர்த்தினால் நிறுத்து. அந்த முஷ்டிக்கு இரண்டு டன் இரும்பு அந்தரத்தில் அப்படியே நிற்கும். இருபது வருடம் இதையே பார்த்தவருக்கு, தன் கைக்கு நிற்காதது உலகத்தில் எதுவும் இல்லை என்ற நினைப்பு வந்துவிட்டது. தெருவில் மாட்டு வண்டி, பால்காரர் சைக்கிள், கல்யாண ஊர்வலம் எல்லாவற்றுக்கும் முஷ்டியைக் காட்டினார். நிற்காதவர்களோடு சண்டை. நின்றவர்களோடும், "இன்னாத்துக்குய்யா வழிய அடைச்சிக்கினு நிக்கிற?" என்று சண்டை.

நான் அப்போது அதே துறைமுகத்தில் குமாஸ்தா. போதாக்குறைக்கு எதிர்வீடு. அவர் கோபத்தில் பாதிக்கு நான்தான் வாரிசு. அந்த மே தினத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவர் மனைவி ரோசியக்கா பாலாற்றங்கரையில் பிறந்தவர். கல்யாணமாகி ஒன்பது வருடம் ஊர்ப்பக்கமே போகவில்லை. கூட்டிக்கொண்டு போக வேண்டியவர் ஒவ்வொரு முறையும் டிக்கெட் கவுண்டரிலேயே சண்டை போட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவார். அதனால் அக்கா ஆற்றை வாயாலேயே ஓடவிட்டார். குழாயில் தண்ணீர் வராத நாட்களில், "எங்க ஆத்துல..." என்று ஆரம்பித்தால் குடங்களெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு கேட்கும். வருடா வருடம் மே தின லீவுக்கு எண்ணூர் கழிமுகத்துக்குப் போய் மீன் வறுத்துத் தின்றுவிட்டு வருகிற எங்கள் தெரு, அந்த வருடம் மயங்கிவிட்டது. ரயிலில் ஜோலார்பேட்டை வரை போய், வழியெல்லாம் மலையையும் ஆற்றையும் பார்த்துவிட்டு, சாயங்கால வண்டியில் திரும்புவதாக ஏற்பாடு.

வண்டி கிளம்பியதுமே ஆரியாவும் கிளம்பிவிட்டார். டிக்கெட் பரிசோதகரோடு ஒரு சண்டை, ஏறாத சன்னல் கதவோடு ஒரு சண்டை, கண்ணில் விழுந்த கரித்தூளுக்காக எஞ்சினோடு ஒரு சண்டை. காட்பாடி தாண்டியதும் அவரே வாயை மூடிக்கொண்டார். ஒரு பக்கம் மலை கூடவே வந்தது. தென்னந்தோப்பும் கரும்பும் மாறி மாறி வந்தன. ஆலைப் புகையையே வானம் என்று நினைத்து வளர்ந்த எங்களுக்கு அது நிஜமாகவே அழகாக இருந்தது.

அப்புறம் ஆறு வந்தது. கரைக்குக் கரை மணல்.

மே மாதத்தில் பாலாறு எப்படி இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கடற்கரையில் பிறந்தவர்களுக்குத் தண்ணீர் என்பது பன்னிரண்டு மாதமும் போட்டது போட்டபடி இருக்கிற ஒன்று.

"இன்னாக்கா, இது ஆறா, கால்பந்து மைதானமா?" என்றேன். ஆமாம், கேட்டது நான்தான். பெட்டியே சிரித்தது.

"அடியில ஓடுதுப்பா. தோண்டினா வரும்" என்றார் அக்கா.

"முன்னாடியே சொல்லியிருந்தா கடப்பாரை எடுத்தாந்திருப்போமே!" என்றேன் விடாமல்.

இன்னும் பெரிய சிரிப்பு. ரோசியக்கா சன்னல் பக்கம் திரும்பி, கண்ணில் கரி விழுந்ததுபோல முந்தானையால் துடைத்துக்கொண்டார். ஒன்பது வருடமாகச் சொன்னதெல்லாம் பொய் என்று நாங்கள் ஒரே நிமிடத்தில் ஆக்கிவிட்டோம். ஆரியா அதைப் பார்த்துவிட்டார்.

ஆம்பூருக்கு முன்னால் ஒரு சின்ன ஸ்டேஷனில், மெயிலுக்கு வழிவிட எங்கள் வண்டியை நிறுத்தினார்கள். ஆற்று மணல் கூப்பிடு தூரத்தில் இருந்தது.

"எறங்கும்மே" என்றார் ஆரியா.

"எங்கங்க?"

"ஆத்துக்கு. நீயும் வாடா, கயிதே. நீதான மொதல்ல நக்கல் பண்ணே?" என் காலர் அவர் கையில் இருந்தது.

கொதிக்கிற மணலில் முட்டி போட்டு அவர் இரண்டு கையாலும் தோண்ட ஆரம்பித்தார். "அங்க இல்லங்க, நாணல் இருக்குற பக்கம்" என்று அக்கா இடம் மாற்றினார். ஆரியா ஆற்றையே வைதுகொண்டு அங்கே தோண்டினார். முழங்கை ஆழம் போயும் வெறும் ஈரம்தான். மெயில் தடதடவென்று போயிற்று. எங்கள் வண்டி ஊதியது.

"அண்ணாத்த, வண்டி!"

ஆரியா எழுந்தார். ரயிலைப் பார்த்து நின்று, முஷ்டியை மூடி, கையைத் தலைக்கு மேல் உயர்த்தினார். பிறகு திரும்பி மறுபடியும் முட்டி போட்டார். "நின்னுடுச்சி. நீ தோண்டு."

வண்டி நகர்ந்தது.

"அண்ணாத்த, போவுது!"

"கை காட்டிக்கீறேன் இல்ல? எப்டிடா போவும்?"

போயிற்று. சன்னல்களில் எங்கள் தெருவே கை ஆட்டியது. என் புளிசாதப் பொட்டலமும் அதோடு போயிற்று. ஆரியா நிமிர்ந்தபோது கடைசிப் பெட்டி வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது.

"அவன் கண்ணு இன்னா அவிஞ்சி பூட்ச்சா? அவன் சீட்ட கிழிக்கணும்!" என்று கரை வரைக்கும் ஓடினார். டிரைவரை, கார்டை, தண்டவாளம் போட்ட வெள்ளைக்காரனை வரிசையாகத் திட்டிவிட்டு என்னிடம் வந்தார். "எல்லாம் உன்னாலதான்டா!"

பசி என் காதை அடைத்தது. வாழ்க்கையில் முதல்முறையாக நான் அவரை எதிர்த்துக் கத்தினேன். "ரயிலு இன்னா உன் வூட்டு விஞ்ச்சா? உன் கோவத்துக்கு ஒரு ஊரே பயந்து சாவணுமா? ஒம்போது வருசமா அக்காவ ஒரு வாட்டி கூட்டியாந்தியா நீ?"

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

"ரெண்டு பேரும் கத்தாம இங்க வாங்க" என்றார் ரோசியக்கா.

நாங்கள் சண்டை போட்ட நேரம் முழுக்க அவர் தனியாகத் தோண்டிக்கொண்டிருந்தார். குழியின் அடியில் தண்ணீர். ஆரியா கையை விடப் போனார். அக்கா அவர் கையைத் தட்டிவிட்டார். "மொத தண்ணி கலங்கல். எறைச்சி ஊத்தணும்." மூன்று தடவை இறைத்து வெளியே ஊற்றினார். நாலாவது ஊறியபோது குழியின் அடி மணல் ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

அக்கா இரண்டு கையாலும் அள்ளி முதலில் புருஷனுக்குக் கொடுத்தார். அவர் குடித்தார். இதிலும் ஏதாவது குறை கண்டுபிடித்துக் கத்துவார் என்று காத்திருந்தேன்.

"இனிக்குதும்மே" என்றார். அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. அக்கா அழுதார். அழுதுகொண்டே எனக்கும் அள்ளிக் கொடுத்தார்.

"இப்ப சொல்லுடா, இது இன்னா?" என்றார் ஆரியா.

"ஆறு, அண்ணாத்த."

வெட்கமாக இருந்தது. இன்னும் இரண்டு கை வாங்கிக் குடித்தேன். அதைப்போல ஒரு தண்ணீரை அதற்குப் பிறகு நான் குடித்ததில்லை.

சாயங்காலம் வரை அந்த ஸ்டேஷன் பெஞ்சில் கிடந்தோம். முஷ்டி என்றால் நிறுத்து என்பதுகூட டிரைவர்களுக்குச் சொல்லித்தரவில்லையா என்று ஆரியா ஸ்டேஷன் மாஸ்டரோடு நான்கு தடவை சண்டை போட்டார். கடைசியில் எங்கள் தெரு திரும்பி வந்த வண்டியில் ஏறிக்கொண்டோம். காட்பாடி வருவதற்குள் ரோசியக்கா, நகக்கண்ணில் ஆற்று மணலோடு, புருஷன் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

பெட்டியில் யாரோ சத்தமாக இருமினார்கள். ஆரியா திரும்பி முறைத்தார். நானும் சேர்ந்து முறைத்தேன்.