மூக்குத்துணி ஆஜி

திருச்சி மலைக்கோட்டையைச் சுற்றி எத்தனையோ தெரு, எத்தனையோ அடுப்பு. அத்தனையிலும் மூக்கைக் கட்டிக்கொண்டு சமைத்தவர் ஆஜி ஒருவர்தான். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கமும் அப்படி ஒருவரைப் பார்த்ததாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆஜி என்றால் மராட்டியில் பாட்டி. அவர்கள் தையல்காரக் குடும்பம். முன்கட்டில் ஆஜியின் மகன் நடத்தும் கடை, பின்கட்டில் வீடு. நயா பைசா வந்த புதிதில் நான் அங்கே பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கப் போனேன். நான் பிறந்தது முசிறியில், வாழைக்கொல்லைக்காரர் வீட்டில். வாழ்க்கைப்பட்டது ஸ்ரீரங்கம். வீட்டுக்காரர் கல்யாணமாகிக் கொஞ்ச நாளிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். இன்னொருத்தர் வீட்டுப் பாத்திரத்தைத் தேய்க்க மாட்டேன் என்று நின்று, ஊசியைப் பிடித்துக்கொண்டேன். காலையில் காவிரிப் பாலத்தில் நடந்து வந்தால், விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பி நடப்பேன். எனக்குப் படிப்பு அரைகுறைதான். ஆனால் என் காஜாவில் பிசிறு பார்த்தவர் கிடையாது.

முதல் நாள் குடிக்கத் தண்ணீர் கேட்க உள்ளே எட்டிப் பார்த்தேன். இருட்டு அடுப்படி. தலையில் முக்காடு, கண்ணுக்குக் கீழே நாலாக மடித்துக் கட்டிய வெள்ளைத் துணி, கையில் பூசணிக்காய் வெட்டும் கத்தி. நான் ஓடவில்லை. ஆனால் பேன்ட் தைக்கத் துணியோடு வந்த ஒரு மனிதர் என்னைப் போலவே எட்டிப் பார்த்துவிட்டு, அளவும் கொடுக்காமல் துணியையும் கேட்காமல் போனார். அந்தத் துணி கடையிலேயே வெகுநாள் கிடந்து, கடைசியில் முதலாளிக்கே பேன்ட் ஆனது.

"எதுக்கு ஆஜி மூக்கைக் கட்டியிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"சாமிக்குக் காட்டறதுக்கு முன்னாடி ருசி பாக்கலாமா?"

"கூடாதுங்க."

"வாசனை மட்டும் பாக்கலாமா? அதை நான் இழுத்துக்கிட்டா பாண்டுரங்கனுக்கு என்ன மிச்சம்? சக்கையா?"

ஊரே அந்த ஆசாரத்தைக் கண்டு வாயடைத்துப் போயிருந்தது. எந்தக் கோயில் பிரசாதத்தைக் கொடுத்தாலும் ஆஜி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "பாவம், மூக்கைத் திறந்து வெச்சுக்கிட்டே பண்ணியிருக்காங்க" என்பார்.

எதைச் சொன்னாலும் "எங்க தேசத்துல" என்றுதான் ஆரம்பிப்பார். அந்த மராட்டிய தேசத்தை அவர் பார்த்ததே இல்லை. பிறந்தது தஞ்சாவூர். அங்கிருந்து திருச்சி வரைக்கும்தான் அவருக்கு உலகம்.

மருமகளை அடுப்பண்டை விடமாட்டார். அவளுக்குக் காதோரம் நரைத்தும், காய் நறுக்கிக் கொடுப்பதோடு சரி. அவளும் எத்தனை நாள்தான் பொறுப்பாள். ஒரு நாள் முதலாளியிடம், ஆஜி காதில் விழும்படியாகவே சொன்னாள்.

"அத்தைக்கு வயசாயிடுச்சு. பண்டரிபுரத்துல ஒரு மடத்துல விட்டுட்டா சாமி காலடியிலயே இருப்பாங்க. நம்ம தேசம்தானே."

அன்றைக்கு ஆஜி சாப்பிடவில்லை. மறுநாள்தான் என்னைக் கூப்பிட்டார். என் பேரை அவர் கடைசிவரை சொன்னதில்லை.

"ஏ முசிறி, இங்க வா. ஊசி புடிக்கிற கை கரண்டி புடிக்குதா பாப்போம்."

அப்படித்தான் மராட்டிச் சமையல் கற்றேன். உளுந்தை வறுத்து அரைத்த மாவைத் தயிரில் கரைக்கிற டாங்கர், கை சுடச்சுடத் தட்டுகிற பூரணபோளி, புளியும் வெல்லமும் சேர்ந்து கொதிக்கிற ஆமட்டி என்ற பருப்புக் குழம்பு. ஆமட்டிக்கு உயிர், சாமான்களை ஒவ்வொன்றாக வறுத்துப் பொடிக்கிற கருமசாலா. அதை வறுக்கும்போதுதான் என்னைப் பக்கத்தில் நிறுத்திப் பரீட்சை வைப்பார்.

"என்ன வாசனை வருது?"

"மல்லி வாசனை, ஆஜி."

"அது மளிகைக்கடை வாசல்லயும்தான் வரும். பச்சையா இருக்கா, வறுபட்டுடுச்சா?"

"பச்சைதான்."

"தெரியும். உனக்குத் தெரியுதான்னு பாத்தேன்."

எல்லாவற்றையும்விட கல்பாசிதான் பொல்லாதது. அது முதலிலேயே கறுப்பு, வறுத்தாலும் அதே கறுப்பு. கண்ணால் பிடிக்க முடியாது. வாசனை எழும்பிய கணத்தில் இறக்கவேண்டும். கொஞ்சம் பிந்தினால் குழம்பு முழுக்கக் கசப்பு.

"நான் மோந்து பாத்தா சாமி குத்தம் இல்லையா ஆஜி?"

"நீ சமைக்கல, நிக்கிற. நிக்கிறவளுக்குச் சட்டம் கிடையாது."

மருமகளுக்குக் கிடைக்காத இடம் எனக்குக் கிடைத்ததே என்று நான் தலை நிமிர்ந்து நின்றேன். ஆஜி ஏன் என்னை நிறுத்தினார் என்று யோசிக்கவில்லை.

ஒரு மத்தியானம் கடையில் காஜா எடுத்துக்கொண்டிருக்கிறேன், துணி தீய்கிற நாற்றம். இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தேன், ஆறிக் கிடந்தது. உள்ளே ஓடினேன். ஆஜி நிதானமாகப் போளி தட்டிக்கொண்டிருக்கிறார். அவர் மூக்குத்துணியின் தொங்கல் நுனியில் நெருப்புப் பொறி ஏறிப் புகைந்துகொண்டிருக்கிறது. தெருக்கோடி வரை போன நாற்றம், மூக்குக்கு ஒரு சாண் கீழே இருந்தும் அவருக்குத் தெரியவில்லை. நான் கையால் கசக்கி அணைத்தேன்.

ஆஜி துணியைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ரொம்ப நேரமா புகையுதா?"

நான் கையில் ஒட்டிய கரியைத் துடைத்தேன்.

"நீ வர்றதுக்கு முன்னாடி எனக்கு விஷ ஜுரம் வந்துது, மோப்பம் அதோட போச்சு முசிறி. மண்ணெண்ணெயும் பன்னீரும் ஒண்ணுதான் எனக்கு. மூக்கு போச்சுன்னு தெரிஞ்சா அடுப்பு போயிடும். அடுப்பு போச்சுன்னா என்னை ரயிலேத்திடுவாங்க. அங்க எனக்கு யாரைத் தெரியும்?"

அதற்குள் மருமகள் வந்துவிட்டாள். "என்ன தீஞ்ச நாத்தம்?"

"நான்தாங்க அக்கா. இஸ்திரில வெட்டுத்துணி தீஞ்சுபோச்சு" என்றேன். முதலாளி அன்றோடு என்னை இஸ்திரிப் பெட்டியைத் தொடவிடவில்லை. ஒரு நூல்கூடத் தீய்க்காதவளுக்கு அந்தப் பேர். போகட்டும்.

வருஷா வருஷம் தஞ்சாவூர்ச் சொந்தக்காரர்கள் பண்டரிபுரம் போகிற வழியில் அந்த வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் ரயில் ஏறுவார்கள். அந்தத் தடவை ஆஜியையும் அவர்களோடு அனுப்புவதென்று பேச்சு முற்றிவிட்டது. ஆஜி மகனிடம் ஒன்றுதான் சொன்னார்.

"அன்னிக்கு நான் சமைக்கிறேன். ஆமட்டியைச் சாப்பிட்டுட்டு, அப்பவும் நான் போகணும்னா சொல்லு. போறேன்."

முதலாளியும் சரி என்றார். மருமகள் மட்டும் ஒரு நிபந்தனை போட்டாள். சாமி சமையல், அதனால் வெளியாள் அடுப்படியில் நிற்கக்கூடாது. வெளியாள் நான்.

ஆஜி என் காதில் சொன்னார். "முற்றத்துல ஜன்னல்கிட்ட உக்காரு. வாசனை எழும்பினதும் ஒரு தடவை இருமு."

உட்கார்ந்தேன். மல்லிக்கு இருமினேன், இறக்கினார். கொப்பரைக்கு இருமினேன், இறக்கினார். லவங்கத்துக்கும் ஆயிற்று. மிச்சம் கல்பாசி ஒன்றுதான். அப்போது தஞ்சாவூர் அம்மாள் ஒருத்தி என்னையே உற்றுப் பார்த்தாள்.

"ஏண்டி, இவ இப்படி இருமறாளே. காசம் கீசம் இருக்கா?"

"இல்லைங்க. சும்மா" என்றேன்.

"சும்மா யாராவது இருமுவாங்களா? குழந்தைங்க ஓடற வீடு. எழுந்து வாசலுக்குப் போம்மா."

வாசல்வரைக்கும் இல்லை, தெருவின் எதிர்ப்பக்கமே நிறுத்திவிட்டார்கள். நான் வாசலைத் தாண்டும்போதே சட்டி அடுப்பில் ஏறும் சத்தம் கேட்டிருந்தது. சரிதான், ஆஜி ரயில் ஏறிவிட்டார் என்று நினைத்தேன். நின்ற இடத்திலிருந்தே, இதற்குள் எழும்பியிருக்குமோ என்று உத்தேசமாக ஒரு முறை இருமினேன். ஒரு குதிரைவண்டிக்காரர் மட்டும் திரும்பிப் பார்த்தார்.

அப்போதுதான் உள்ளேயிருந்து ஆஜியின் குரல், வீடு அதிர.

"ஏய் மருமவளே, இங்க வா. எத்தனை நாளைக்குக் காய் நறுக்கிக்கிட்டே இருப்ப? வந்து பக்கத்துல நில்லு. என்ன வாசனை வருதுன்னு சொல்லு."

நான் தெருவைத் தாண்டி வாசலுக்கு ஓடிவந்தேன். பிறகு மருமகளின் குரல் வந்தது, சின்னப் பெண் குரல் மாதிரி. "இப்ப வருது அத்தை. எழும்பிடுச்சு."

"தெரியும். உனக்குத் தெரியுதான்னு பாத்தேன்."

சாப்பிட்ட இலையில் ஆமட்டி மிச்சமில்லை. வண்டி வந்தபோது மருமகளே வாசலில் நின்று சொன்னாள். "அத்தை வரலைங்க. எனக்கு இன்னும் பாதிகூடச் சொல்லித் தரலை." அவளுக்கு விஷயம் புரிந்துதான் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதற்கப்புறம் ஆஜி என்னை அடுப்படிக்குக் கூப்பிடவில்லை. கூப்பிடவும் முடியாது. அங்கே நிற்க வேண்டியவள் நின்றுவிட்டாள். நான் நூலும் ஊசியுமாக முன்கட்டில் இருந்தேன். ஒரே ஒரு தடவை, ஒரு கிண்ணம் ஆமட்டியை என் நூல் டப்பா பக்கத்தில் வைத்து, மெதுவாகக் கேட்டார்.

"மோந்து பாரு முசிறி. கல்பாசி சரியா இருக்கா?"

கருகியிருந்தது. "நல்லா இருக்கு ஆஜி" என்றேன்.

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "தெரியும்" என்றார். மிச்சத்தைச் சொல்லாமல் உள்ளே போனார்.

சில வருஷம் கழித்து ஒரு மழைக்காலத்தில் போய்விட்டார். கிடத்தி வைத்து, மூக்கில் பஞ்சு வைத்தார்கள். சாவு வீட்டில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மருமகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் இரண்டு பேரும் அழுதோம்.

இன்றைக்கும் ஸ்ரீரங்கத்தில் என் அடுப்பில் கருமசாலா வறுபடுகிறது. கல்பாசி வாசனை எழும்பியதும் ஒரு தடவை இருமிவிட்டுத்தான் சட்டியை இறக்குகிறேன். பக்கத்துவீட்டுப் பெண் அதைக் கேட்டுவிட்டு, சளி என்று நினைத்துச் சுக்குக் கஷாயம் வைத்துக் கொண்டுவருகிறாள். ஒன்றும் சொல்லாமல் வாங்கிக் குடித்துவிடுகிறேன்.