சோபாவில் இருந்தபடி லூர்து போய் வந்த குற்றம்

மாதாவே துணை (இந்த முறை கொஞ்சம் அவசரம்)

ஹனோவர்,
12.10.2020

பேரன்புள்ள பேர்பெச்சுவா அக்காவுக்கு,

தம்பி செல்வரட்ணம் எழுதிக்கொள்வது. ஹாலேயில் நீங்களும் உங்கள் முழங்காலும் நல்ல சுகம் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம். சுகமாக இருப்பதுதான் பிரச்சினையே. ஒரு இருமல்கூட இல்லாத இரண்டு பேரைப் பதினான்கு நாள் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். இந்த இரண்டு அறை வீட்டில் நான் மெல்லத் தும்மினாலே உங்கள் மச்சாள் பிளோறன்ஸ் குசினியிலிருந்து காரணம் கேட்பாள். ஆகவே குளியலறைக் கதவைப் பூட்டிவிட்டு, ஓடுகிற சலவை இயந்திரத்தின்மேல் தாளை வைத்து எழுதுகிறேன். எழுத்து நடுங்கியிருந்தால் அதில் பாதி அதிர்ச்சி, மீதி இயந்திரம்.

நடந்தது இதுதான். கொரோனா வந்த நாளிலிருந்து தொழிற்சாலையில் எனக்குப் பாதி நாள்தான் வேலை, மீதி நாள் ஜன்னல். போன மாதம் டொக்டர் இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, நூற்று எண்பது, மனதை ஆறவிடுங்கள், எங்காவது பயணம் போய் வாருங்கள் என்றார். பிறகு தன் முகக்கவசத்தைத் தானே தொட்டுப் பார்த்து, போக முடியாதுதான் என்றும் சொன்னார். இதைக் கேள்விப்பட்ட எங்கள் சுபானி (வருகிற வெள்ளிக்கிழமை பதிவுத் திருமணம் செய்யப்போகிற அதே சுபானிதான்) முகத்தில் மாட்டுகிற பெரிய கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்தாள். “அப்பா, இதைப் போட்டால் எந்த நாட்டுக்கும் போகலாம். தலையைத் திருப்பினால் அந்தப் பக்கமும் தெரியும்.” அக்கா, நான் வெனிஸில் வள்ளத்தில் போனேன். பனிமலை ஏறினேன். மூன்றே நாளில் அழுத்தம் நூற்று ஐம்பதுக்கு இறங்கியது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பிளோறன்ஸ் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“என்னை விட்டிட்டுத் தனியவோ உலகம் சுத்துறியள்?”

இந்த வருடம் எங்களால் வழக்கமான கேவலார் மாதா யாத்திரைக்கும் போக முடியவில்லை அல்லவா, அந்தக் கவலை அவளுக்கு. ஆகவே பிரான்சிலுள்ள லூர்து மாதா என்று முடிவாயிற்று. கண்ணாடியில் தெரிவது பெரிய தொலைக்காட்சியிலும் தெரிகிற மாதிரி சுபானி இணைத்துவிட்டாள். நான் சாரத்தோடு சோபாவில் இருந்தேன். “பயணம் எண்டால் பயணம்தான், எழும்பிக் காற்சட்டையைப் போடுங்கோ” என்றாள் பிளோறன்ஸ். முழுகி, பட்டுச்சேலை உடுத்தி, புட்டும் முட்டைப்பொரியலும் அலுமினியத் தாளில் சுற்றி, அடுப்பை அணைத்து, ஜன்னல்களைச் சாத்தி, வெளிக்கதவை உள்ளே நின்று பூட்டினாள். பயணச் செபம் சொன்னோம். எல்லை தாண்டும்வரை சாப்பாட்டுப் பொட்டலத்தைத் தொட விடவில்லை. மலைப்பாதையில் பஸ் வளைந்து வளைந்து போனபோது அவளுக்கு உண்மையாகவே தலை சுற்றிச் சத்தி வந்தது, நான் பை பிடித்தேன். குகைக்கு முன்னால் வந்ததும் சோபாவிலிருந்து இறங்கி முழந்தாளிட்டு, செபக்குழுப் பெண்கள் முப்பது பேரின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பிறேமாவின் கால்வலி, சுஜீவாவின் மகனுக்கு ஒரு தொழிற்பயிற்சி இடம், ஒன்றையும் விடவில்லை. சிரிப்போடு ஆரம்பித்த எனக்கே கண் கலங்கிவிட்டது. சுபானி படம் எடுத்தாள். படத்தில் நாங்கள் இருவரும், பின்னால் முழுக்க லூர்து. சோபா தெரியவே இல்லை.

அன்று பின்னேரம் செபக்குழுவின் வாட்ஸ்அப்பில் பிளோறன்ஸ் அந்தப் படத்தைப் போட்டு, “மாதாவின் கிருபையால் லூர்து போய்ச் சுகமாகத் திரும்பினோம். எல்லாருக்காகவும் மன்றாடினேன்” என்று எழுதினாள். முதல் பத்து நிமிடம் கும்பிடும் கைகளாக வந்து குவிந்தன. அதன் பிறகு குழு அமைதியாகிவிட்டது. எங்கள் கட்டடத்தில் மேல்மாடியில் இருக்கிற பிறேமா ஞாயிறு தவறாமல் பட்டிஸ் பொரித்துக் கொண்டுவந்து, இருந்து கதைத்துவிட்டுப் போகிறவர். நேற்றுக் கதவுக் கைப்பிடியில் பையைக் கொழுவிவிட்டுப் படியில் ஓடுகிற சத்தம்தான் கேட்டது. “அக்கா, பட்டிஸ் தொங்குது! நான் உள்ளுக்க வரேல்லை!”

இன்று காலை சுகாதாரப் பணிமனையிலிருந்து போன். யார் சொல்லிக்கொடுத்தது என்று எனக்குத் தெரியாது. தான் இல்லை என்று பிறேமா நாங்கள் கேட்காமலே சொன்னார். போனை பிளோறன்ஸ் பல்கனியில் நின்று எடுத்தாள். மேல் பல்கனியில் பிறேமா ஒரே துவாயை மூன்றாவது தடவையாக உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். பிரான்சுக்குப் போனீர்களா என்று அதிகாரி அம்மா கேட்டார். பிளோறன்ஸ் மேலே ஒருதரம் பார்த்தாள். “யா” என்று ஒப்புக்கொண்டாள். அங்கே ஆட்கள் இருந்தார்களா? ஆயிரக்கணக்கில். முகக்கவசம்? ஒருவரும் போடவில்லை. (அந்த லூர்துக் காட்சியைப் பிடித்தது போன வருடமோ முந்தின வருடமோ!) நெருக்கமாக நின்றார்களா? தோளோடு தோள் நின்று பாடினார்கள், எல்லாரும் ஒரே பாறையைத் தொட்டு முத்தமிட்டார்கள். மறுமுனையில் அந்த அம்மா கதிரையை இழுத்துப் போட்டு இருக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

“ஏனப்பா பொய் சொன்னனீர்?” என்று கத்தினேன்.

“என்ன பொய்? நான் போகேல்லையோ? மலையில சத்தி எடுத்தது ஆர்? முப்பது பேரின்ர பேரையும் மாதாவிட்டச் சொல்லிட்டு வந்தனான். ரிவிக்கு முன்னால நிண்டு சொன்னனான் எண்டு இனி அவையளுக்கு என்னெண்டு சொல்லுறது? பிறேமாவுக்குக் கால் நோ குறைஞ்சிட்டுதாம்!”

நானே பணிமனைக்குப் போன் எடுத்து உண்மையைச் சொன்னேன். வீட்டைவிட்டுப் போகவே இல்லை என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள், ஹெர் செல்வரட்ணம், ஆனால் உங்கள் மனைவி பாறை ஈரமாக இருந்தது வரைக்கும் சொல்லியிருக்கிறாரே என்றார் அந்த அம்மா. கொரோனா இல்லை என்று சோதனையில் வந்தால் விட்டுவிடுவார்களாம். அந்தச் சோதனைக்குக் கிடைத்த நாள், அதுதான் டெர்மின், அடுத்த திங்கட்கிழமை. திருமணம் இந்த வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு. ஐந்து மாதம் காத்திருந்து கிடைத்த டெர்மின், மணமக்களோடு ஆறு பேருக்குத்தான் உள்ளே இடம். மாப்பிள்ளை டெனிஸ்டன் பக்கம் தாய் தகப்பன், எங்கள் பக்கம் நாங்கள். இருப்பது ஒரே பிள்ளை, அக்கா. அவள் கையெழுத்துப் போடும்போது பின்னால் இரண்டு கதிரை வெறுமையாக இருக்கப்போகிறது.

இந்த உலகத்தில் பிளோறன்ஸ் பயப்படுகிற ஒரே ஆள் நீங்கள்தான். இந்தக் கடிதம் கண்டவுடன் அவளுக்குப் போன் எடுத்து, நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாமல், பணிமனைக்கும் செபக்குழுவுக்கும் உண்மையைச் சொல்லும்படி உறுக்கிச் சொல்லுங்கள். சலவை இயந்திரம் நின்றுவிட்டது, கதவும் தட்டப்படுகிறது. உங்கள் முழங்காலுக்கும் என் மானத்துக்கும் மாதா காவலாக இருக்கட்டும்.

அன்புத் தம்பி,
செல்வரட்ணம்

பி.கு. (17.10.2020, சனிக்கிழமை): கடிதத்தை உறையில் இட்டு முத்திரையும் ஒட்டிய பிறகுதான், தபால்பெட்டி வீதி முனையில் இருப்பதும் நான் வெளியே போகக்கூடாது என்பதும் நினைவுக்கு வந்தது. பிறேமாவிடம் கொடுத்தால் வாசிக்காமல் போடமாட்டார். ஐந்து நாளாகத் துவாய்களுக்கு அடியில் கிடந்தது, இனித் தடை முடிந்ததும் நானே போடுவேன். இதற்கிடையில் நேற்றுத் திருமணம் முடிந்தது. எங்களுக்கென்று விட்ட கதிரையில் டெனிஸ்டன், அந்த அறையை எங்கள் கண்ணாடியில் காட்டுகிற ஒரு உருண்டைக் கமராவை வைத்தார். பிளோறன்ஸ் மறுபடி அடுப்பை அணைத்து, கதவை உள்ளே பூட்டி, செபம் சொன்னாள். நான் கோட்டும் சப்பாத்தும் போட்டேன். பாதி நேரம் கண்ணாடி அவளுக்கு, பாதி நேரம் எனக்கு. கையெழுத்துப் போட்ட கையோடு சுபானி வந்து கமராவுக்கு முன்னால் முழந்தாளிட்டு, “அப்பா” என்று நெற்றியைக் காட்டினாள். நான் கையை நீட்டிச் சிலுவை போட்டேன். என் விரல் பட்டது பிளோறன்ஸின் நெற்றியில், அவள் விலகவில்லை. இருவரும் நன்றாக அழுதோம். “மகளின் கலியாணத்துக்குப் போய்ச் சுகமாகத் திரும்பினோம்” என்று அவள் குழுவில் எழுதியதை நான் கவனிக்கவில்லை.

இன்று காலை பணிமனை அம்மா. பிளோறன்ஸ் போனை என் கையில் திணித்தாள். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு எங்கே இருந்தீர்கள், ஹெர் செல்வரட்ணம் என்று கேட்டார். வீட்டில், சோபாவில் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அக்கா.

“என் மகளின் திருமணத்தில்” என்றேன்.

ஆகவே பிளோறன்ஸுக்கு ஒன்றும் சொல்லாதையுங்கோ.