மூன்றாவது சால்டரிங் அயர்ன்

"இது அண்டா ஓட்டை அடைக்கிற இரும்புங்க. ரேடியோவுக்கு ஆவாதுங்க" என்றான் ஈயம் பூசும் மாதேஸ்வரன்.

"ஈயம் ஈயந்தானப்பா" என்று கஸ்பார் அதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

கடத்தூர் யூனியன் ஆபீஸ் குமாஸ்தாவான கஸ்பாருக்கு எலக்ட்ரானிக்ஸ் பைத்தியம். அவன் செய்த காலிங் பெல், அழுத்தினால் நிற்கும். மற்ற நேரமெல்லாம் அடிக்கும். ஆனால் இது விளையாட்டு இல்லை. மனைவி லூர்தம்மாளின் டிரான்சிஸ்டர் ஊமையாகிவிட்டது. அவளுடைய அண்ணன் வியாகுலம் கோலாரிலிருந்து வாங்கி வந்து கொடுத்தது. கொடுத்த மறு வருஷமே அண்ணன் போய்ச் சேர்ந்தான். அவன் நினைவாக அவளிடம் மிஞ்சியது அது ஒன்றுதான்.

தபசு காலம் தொடங்கிய வாரம், அவள் இல்லாத நேரத்தில் நியூஸ் கேட்கலாமென்று திருகினான். மூச்சில்லை. புது செல் போட்டான். அப்போதும் இல்லை. போன மாதம் உள்ளே என்னதான் இருக்கிறதென்று கழற்றிப் பார்த்தவன் அவன்தான். நல்லவேளை, நோன்பு நாளென்பதால் ஈஸ்டர் வரை அவள் பாட்டுக் கேட்க மாட்டாள். அதற்குள் சத்தமில்லாமல் சரிசெய்துவிட வேண்டும்.

செல் மாற்றியபோது உள்ளே ஒரு துண்டுக் குருத்தோலையைப் பார்த்தான். கோயிலில் மந்திரித்தது. நிலைப்படி, அரிசிப் பானை, பீரோ என்று எல்லா இடத்திலும் காவலுக்கு ஓலை செருகுகிறவள் லூர்தம்மாள். கஸ்பார் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, இருந்த இடத்திலேயே, இரண்டு செல்லுக்கும் நடுவில், பக்தியோடு செருகி வைத்தான். ஒவ்வொரு தடவையும் அப்படியே செய்தான்.

வெள்ளிக்கிழமை மாலை அவள் சிலுவைப்பாதை ஜெபத்துக்குப் போனதும் அண்டா இரும்பை அடுப்பில் பழுக்கக் காய்ச்சினான். கம்பியில் வைப்பதற்குள் அது ஸ்டேஷன் முள்ளையும் பிளாஸ்டிக் கண்ணாடியையும் உருக்கிவிட்டது. அவள் கண்ணில் படாமல் பெட்டியை உறைபோட்டு மூடி வைத்தான்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த அப்துல் ரஷீத்தின் ரேடியோ கடைக்குப் போனான்.

"நல்ல சால்டரிங் அயர்ன் ஒண்ணு வேணுமுங்க, பாய்."

"எதுக்குங்க? ரேடியோ எதாச்சும் கெட்டுப்போச்சா? கொண்டாங்க, நான் பாக்கறேன்."

தன் கைக்கு ஆகாத வேலை என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. "ரேடியோ இல்லீங்க, இது பெரிய வேலை" என்றான்.

"பெரிய வேலையா? அப்ப அறுபத்தஞ்சு வாட் எடுத்துக்கங்க."

அடுத்த வெள்ளி அது தன் வேலையைக் காட்டியது. உள்ளிருந்த பாகங்களில் ஒரு கால் ஒட்டுவதற்குள் நாலு கால் கழன்றது. சர்க்யூட் பலகையில் இருந்த செப்புக் கோடுகள் பாலாடை மாதிரி உரிந்து வந்தன. கஸ்பாருக்கு அழுகை முட்டியது.

வெட்கத்தை விட்டு மறுபடி கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னான். ரஷீத் பென்சில் முனை போல மெலிந்த ஒன்றை எடுத்து வைத்தார்.

"இருவத்தஞ்சு வாட். இதத்தானுங்க மொதல்லயே கேட்டிருக்கணும். ரேடியோன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

அருமையான இரும்பு. சூடு பதம், முனை பதம். ஒட்ட வைக்கத்தான் உள்ளே ஒன்றும் மிச்சமில்லை.

ஈஸ்டர் காலை. பூசை முடிந்து பக்கத்து வீட்டு இன்னாசியம்மாள் கோழிக்குழம்புச் சட்டியோடு வந்தாள்.

"லூர்து அண்ணன் கல்லறைக்குப் போயிருக்கா தம்பி. வந்தவொடனே பாட்டுத்தான் கேக்கணும்னு பறக்கறா."

கஸ்பாரால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. பெட்டியைத் திறந்து காட்டி எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். "அவ மூஞ்சிய எப்படிக்கா பாப்பேன்? இருந்தாலும் அது தானா கெட்டதுக்கா. நான் இரும்ப வெக்கறதுக்கு முந்தியே ஊமையாத்தான் இருந்துச்சு. அந்த ஒரு ஆறுதல்தான் எனக்கு."

தெருமுனையில் லூர்தம்மாள் வேகமாக வருவது தெரிந்தது. இன்னாசியம்மாள் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கெட்டெல்லாம் போவலீங்க தம்பி. தபசு நாள்லயும் கை தானா போயி திருகிடுதுன்னு அவ வருத்தப்பட்டா. செல்லுக்கு நடுவுல ஓலையச் செருகுடி, பாடாது, ஈஸ்டரன்னிக்கு உருவிக்கலாம்னு நாந்தான் சொல்லிக் குடுத்தேன்."