துப்பாக்கியோடு திரும்பிப் பார்த்தவள்

கையில் துப்பாக்கி இருக்கும்போது பெற்ற அப்பாவே கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது. (நான் சொல்வது நுரைத் துப்பாக்கி. பயப்பட வேண்டாம். கொஞ்சமாகப் பயப்படலாம்.)

இரண்டு பீப்பாய்களில் இரண்டு ரசாயனங்கள். தனித்தனியே இருக்கும்வரை சாது. துப்பாக்கிக்குள் சந்தித்துவிட்டால் பொங்கி, இறுகி, கூரைக்கு வெயிலும் மழையும் தாங்கும் மெத்தையாகிவிடும். துபாயில் இந்த வேலை பார்த்துத் திரும்பிய ஹாஜா பாய் கும்பகோணத்தில் மிஷின் போட்டார். பாலிடெக்னிக் முடித்த என்னைத் துப்பாக்கி பிடிக்கப் பழக்கினார். முதல் பெரிய வேலை, திருக்காட்டுப்பள்ளி பக்கம் எங்கள் ஊரிலேயே மிராசுதாரின் நெல் குடோன் கூரை. அவர் பண்ணையில்தான் அப்பா கூலி வேலை செய்தார். கூலிக்காகவும் மரியாதைக்காகவும் அவர் வாசலில் கொடியோடு உட்கார்ந்தவரும் அப்பாதான்.

"இந்தப் பொண்ணா அடிக்கப் போவுது?" என்றார் மிராசுதார்.

"இதுதாங்க அடிக்கும். நான் கீழ மிஷினைப் பாத்துக்குவேன்" என்றார் பாய்.

எனக்கு ஒரு அடி உயரம் கூடிவிட்டது. "கூட்டின தளத்துல மண்ணு படக் கூடாதுங்க, செருப்பைப் படியோரமா விட்டுட்டு வாங்க" என்று மிராசுதாருக்கே உத்தரவு போட்டேன். முணுமுணுத்தபடி கழற்றிவிட்டு, காற்று வரும் பக்கமாகத் தூரத்தில், தண்ணீர்த் தொட்டி நிழலில் போய் நின்றார்.

முழு உடுப்பு, கையுறை, காற்றுக் குழாய் வைத்த முகமூடி. துப்பாக்கியில் பூட்டு போட்டிருக்கிறது. இரண்டு பக்க வால்வும் மூடியிருக்கின்றன. "ரெண்டு குழாயும் சூடாயிடுச்சும்மா! பிரஷர் ஒண்ணா நிக்குது!" என்று கீழிருந்து பாய் கத்தினார். (ஒரு பக்கம் குறைந்தால் நுரை கெடும், துப்பாக்கியே கல்லாகிவிடும்.) காற்றைத் திறந்தேன். பிறகு வால்வுகள். பூட்டை எடுத்து, அட்டை ஒன்றில் சோதனைக்கு அடித்தேன். நுரை சீராக எழும்பியது. ஜில்லாவிலேயே என்னைப் போல் ஒருத்தி கிடையாது என்று தோன்றியது.

அந்த நினைப்பில் பூட்டைத் திரும்பப் போடவில்லை.

"யம்மாடி, நல்லா வந்துச்சா?"

அப்பா படியேறி வந்துகொண்டிருந்தார். விசையிலிருந்து விரலை எடுக்காமல் அப்படியே திரும்பினேன். புஸ்! அப்பா சட்டென்று படியில் உட்கார்ந்து தப்பினார். மிராசுதாரின் தோல் செருப்பு தப்பவில்லை. எங்கள் கண்ணெதிரே அது உப்பி, இறுகி, ஒரு மஞ்சள் பூசணிக்காயாகித் தளத்தோடு ஒட்டிக்கொண்டது. மிராசுதார் ஓடிவந்து இழுத்தார். அசையவில்லை. மேலே வந்து பார்த்த பாய், "இன்னா லில்லாஹி" என்று இழவு வீட்டில் சொல்வதைச் சொன்னார். வேலை போயிற்று என்று நானும் முடிவு கட்டினேன்.

மிராசுதார் தன் காலைப் பார்த்தார். கீழே சித்திரை வெயிலில் கொதித்த நெல் களத்தைப் பார்த்தார். ஒரு காலத்தில் அவர் வாசலை எங்கள் ஆட்கள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டுதான் கடக்க வேண்டியிருந்தது. அப்பா தன் ரப்பர் செருப்பைக் கழற்றி, காலாலேயே முன்னால் நகர்த்தினார்.

"போட்டுக்குங்க. காலு வெந்துடும்."

மிராசுதார் பூசணிக்காயை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார். பிறகு போட்டுக்கொண்டார்.

"மிச்சத்தையாவது கூரைல அடிம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அடித்தேன். அந்த மழைக்காலம் முழுக்கக் குடோனில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. அடுத்த கோடையில் தன் வீட்டு மாடிக்கும் என்னையே கூப்பிட்டார். கயிறு கட்டிய ஷூவோடு நின்றார்.

வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா ஆரம்பித்துவிடுவார்: "அந்த வாசல்ல செருப்போட நடக்க நாங்க எத்தனை வருசம் கொடி புடிச்சோம்! எம்பொண்ணு ஒரே அழுத்துல மிராசுதாரையே வெறுங்காலோட நிக்க வச்சுட்டா!"

அது கைதவறி நடந்தது என்று நான் சொல்ல வாயெடுத்தால், "நீ சும்மா இரு, உனக்கு ஒண்ணும் தெரியாது" என்பார்.